சேமிப்புக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டியைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி கேட்ட சகோதரியின் நிலையை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் தேவகோட்டையில் ஏழு வயது மகளோடும் அறுபத்தெட்டு வயது மாமியாரோடும் இருக்கிறீர்கள். கணவர் சிங்கப்பூரிலிருந்து மாதம் 45,000 ரூபாய் அனுப்புகிறார். வீட்டுச் செலவு போக 15,000 ரூபாய் அளவில் மிஞ்சுகிறது. மாமியார் நிலம் விற்ற பணம் 5 லட்சம் அவர் பெயரில் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒன்றரை ஆண்டாகக் கிடக்கிறது. காரைக்குடியில் கிளை திறந்திருக்கும் ஒரு சிறு நிதி வங்கி 7 சதவீதம் தருவதாக உறவினர் ஒருவர் சொல்ல, எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடலாமா, அது பாதுகாப்பானதா, எந்தச் சேமிப்புக் கணக்கு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உங்கள் கையில் இருப்பது நான்கு விதமான பணம்: மாதச் செலவுக்கானது, மகளுக்கானது, மாமியாருடையது, கணவருடையது. இந்த நான்குக்கும் ஒரே கணக்கு பொருந்தாது என்பதுதான் என் பதிலின் சாரம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கக் கிளைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கணக்குத் தொடங்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது வட்டி எவ்வளவு என்பதைத்தான். இந்தப் பணத்தை எப்போது எடுப்பீர்கள், யார் வந்து எடுப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நம் பகுதியின் பழைய வட்டிக்கடைகளில் இந்தப் பாகுபாடு தெளிவாகவே இருந்தது. கேட்ட நாளில் திருப்ப வேண்டிய பணத்துக்கு நடப்பு வட்டி, குறித்த காலத்துக்கு விட்டுவைக்கும் பணத்துக்குத் தவணை வட்டி என்று பேரேட்டிலேயே தனித்தனியாக எழுதினார்கள். இன்றைய சேமிப்புக் கணக்கு நடப்புப் பணத்துக்கான இடம். தவணைப் பணத்தை அதில் போட்டுவைத்தால் வருமானம் குறையும். நடப்புப் பணத்தைத் தவணையில் கட்டிப்போட்டால் ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் கைமாற்றுக் கேட்டு நிற்க நேரும்.

மாதச் செலவுப் பணத்திலிருந்து தொடங்குவோம். சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பின்மேல் வட்டி கணக்கிடப்படுகிறது. அதற்கு முன்பு மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி உண்டு. அதனால் 9, 10 தேதிகளில் பணம் கட்டும் வரிசை வாசல்வரை நிற்கும். இன்றும் சில ஆச்சிமார் பழக்கம் விடாமல் பத்தாம் தேதிக்குள் ஓடிவந்து கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை அந்த அவசரத்துக்கு இப்போது தேவையில்லை. 2011 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சேமிப்புக் கணக்கின் வட்டியை அந்தந்த வங்கியே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பெரிய பொதுத்துறை வங்கிகளில் இப்போது 2.5 சதவீதத்தை ஒட்டியும், சில சிறு நிதி வங்கிகளில் அதைவிடக் கூடுதலாகவும் இருப்பதற்கு அதுவே காரணம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதத்தை அரசு நிர்ணயிக்கிறது.

உங்கள் உறவினர் சொன்ன 7 சதவீதம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது எந்த இருப்புக்கு என்று கேளுங்கள். பல வங்கிகளில் இந்த விகிதம் படிப்படியாக ஏறும். ஒரு லட்சத்துக்குள் உள்ள இருப்புக்கு ஒரு விகிதம், சில லட்சங்களைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே விளம்பரத்தில் கண்ட விகிதம். உங்கள் செலவுக் கணக்கில் சராசரியாக 60,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கிடைக்கும். புதிய வங்கி முதல் ஒரு லட்சத்துக்கு 3.5 சதவீதம் தருவதாக இருந்தால் 2,100 ரூபாய். வித்தியாசம் மாதத்துக்கு 50 ரூபாய். தேவகோட்டையில் நடந்துபோகும் தூரத்தில் உள்ள கிளையை விட்டுவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் காரைக்குடிக்குப் பஸ் ஏறுவதற்கு அந்த 50 ரூபாய் காணாது. செலவுக் கணக்குக்குக் கிளையின் அருகாமை, ஏடிஎம், கைபேசிச் செயலி ஒழுங்காக வேலை செய்வது, குறைந்தபட்ச இருப்பு நிபந்தனை ஆகிய நான்கையும் பாருங்கள்.

இவற்றில் மக்கள் அதிகம் ஏமாறுவது குறைந்தபட்ச இருப்பில்தான். தனியார் வங்கிகள் பலவற்றில் இது மாதச் சராசரி இருப்பாகக் கணக்கிடப்படும். அதாவது ஒவ்வொரு நாளும் மாலையில் உள்ள இருப்பைக் கூட்டி நாள்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சராசரி தேவை என்றால், முப்பது நாளும் 10,000 வைத்திருக்கலாம். ஒரே ஒரு நாள் 3 லட்சம் இருந்துவிட்டு மற்ற நாள்களில் காலியாக இருந்தாலும் கணக்குச் சரியாகிவிடும். இருப்புக் குறைந்ததை வங்கி உங்களுக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். கட்டணம் குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. மூன்றும் ரிசர்வ் வங்கி விதிகள். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனையையே நீக்கியது. வேறு சில பொதுத்துறை வங்கிகளும் 2025இல் நீக்கின. இது தவிர, எல்லா வங்கிகளும் தர வேண்டிய அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒன்று உண்டு. அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. ஆனால் அதை வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் வரவு செலவுக்குப் பொதுத்துறை வங்கியின் சாதாரணக் கணக்கே போதும்.

அந்தக் கணக்கில் மூன்று மாதச் செலவுக்கான 90,000 ரூபாய் எப்போதும் இருக்கட்டும். கைபேசியில் யுபிஐ இணைப்புக்கு வேறொரு சிறு கணக்கை வைத்து, வாரம் ஒருமுறை 3,000, 4,000 என்று அதற்கு மாற்றிக்கொள்வது என் யோசனை. மோசடி அழைப்புகள் பெருகிவிட்ட நாளில் மொத்தப் பணமும் ஒரே கைபேசியின் பின்னால் இருக்க வேண்டாம். மிஞ்சும் 15,000இல் ஒரு பகுதியை ஜூன் மாதத்தில் ஓராண்டுத் தொடர் வைப்பாக (மாதாமாதம் கட்டும் ஆர்.டி.) தொடங்கினால் அடுத்த பள்ளிக் கட்டணத்துக்குச் சரியாக முதிர்ந்து வரும். இதற்கு அஞ்சலகத் தொடர் வைப்பு ஏற்றதில்லை. அது ஐந்தாண்டுக்கானது, மூன்றாண்டுக்குமுன் முடிக்க முடியாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போன பணத்தைத் தானாகவே வைப்பாக மாற்றும் கணக்கு வகையையும் வங்கியில் பரிந்துரைப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பு நிலைத்திருப்பவர்களுக்கு அது பயன்படும். அடிக்கடி எடுப்பவர்களுக்கு வைப்பு அடிக்கடி உடைந்து, உடைந்த காலத்துக்குரிய குறைந்த வட்டியே கிடைக்கும்.

இனி மாமியாரின் 5 லட்சம். உங்கள் கேள்வியில் என் மனத்தை உறுத்தியது இதுதான். 2.5 சதவீதத்தில் அந்தப் பணம் ஆண்டுக்கு 12,500 ரூபாய் ஈட்டுகிறது. அறுபது வயது கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம், 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 41,000 ரூபாய், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் அவர் கணக்கில் வந்து விழும். ஒன்றரை ஆண்டாகக் கைவிட்டுப்போன தொகை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தேவகோட்டை அஞ்சலகத்திலோ பொதுத்துறை வங்கியிலோ தொடங்கலாம், காலம் ஐந்தாண்டு, தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டும் மாறாது, ஒருவருக்கு 30 லட்சம் வரை அனுமதி. இடையில் எடுக்க நேர்ந்தால், ஓராண்டுக்குள் என்றால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். அதன்பின் இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதமும், இரண்டாண்டுக்கு மேல் என்றால் ஒரு சதவீதமும் கழியும். ஆகவே 5 லட்சத்தையும் போடாமல், அவருடைய மருத்துவச் செலவுக்கு ஒரு 50,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டு 4,50,000 மட்டும் போடுவதே நல்லது. ஆனால் இது அவர் நிலம் விற்ற பணம். அவர் சம்மதத்தோடு, அவரையே அழைத்துப்போய், அவர் கையெழுத்தில் செய்யுங்கள். பெயர் மாற்றி உங்கள் கணக்குக்குக் கொண்டுவர வேண்டாம். மூத்தவருக்கான வட்டியும் வரிச் சலுகையும் அவர் பெயரில் இருந்தால்தான் உண்டு, நாளைக்குப் பங்காளிகளிடையே பேச்சும் எழாது.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சிறு நிதி வங்கிகள் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்றவை. பெரிய வங்கிக்கு உள்ள அதே வைப்புக் காப்பீடு அவற்றுக்கும் உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு. அதற்கு முன்பு 1 லட்சம்தான். மாமியாரின் 5 லட்சம் எந்த வங்கியில் இருந்தாலும் வட்டி சேர்ந்ததும் வரம்பைத் தாண்டிவிடும் என்பதைக் கவனியுங்கள். அஞ்சலகத்தில் உள்ள பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு என்பதால் இந்த வரம்பு அங்கே இல்லை. நம் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு: ‘நிதி’ என்று முடியும் பெயர்ப்பலகைகளும், ஊர் தோறும் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் வைப்பு வாங்குகின்றன. அவற்றில் ஒழுங்காக நடப்பவை உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த 5 லட்சக் காப்பீடு அவற்றுக்குக் கிடையாது. கூட்டுறவு வங்கிக்கு உண்டு, கடன் சங்கத்துக்கு இல்லை. அதிக வட்டியைக் கண்டு போடுமுன் இந்த ஒன்றையாவது விசாரியுங்கள்.

மகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் பொருத்தமானது. பத்து வயது நிறையுமுன் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகம் 1,50,000 ரூபாய். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில் முதிரும். இப்போது தொடங்கினால் முதிரும்போது மகளுக்கு 28 வயது. பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ மேற்படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் தொடங்கிய நாளின் வட்டி மாறாது, இது அப்படியன்று, அரசு ஒவ்வொரு காலாண்டும் மாற்றலாம். கிடைக்கும் வட்டிக்கு வரி இல்லை. மாதம் 5,000 கட்டுவதாக இருந்தால் 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். இங்கே இன்னும் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஒரு எச்சரிக்கை: மகளையும் அழைத்துக்கொண்டு நீங்கள் சிங்கப்பூருக்கே குடிபெயர்ந்து, மகள் வெளிநாடுவாழ் நிலைக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். அந்த எண்ணம் உறுதியாக இருந்தால், உங்களைக் காப்பாளராகக் கொண்டு மகள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் சிறு வைப்புகளுமே போதும்.

கணவரின் கணக்கைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது. கடல் கடந்த சம்பாத்தியத்துக்குக் கணக்கு வைப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானது, எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. இருந்தும், வேலைக்காக வெளிநாடு போனபின் உள்ளூர்ச் சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதி இங்கே பல வீடுகளில் தெரிந்திருக்கவில்லை. அவர் ஊரில் இருந்தபோது வைத்திருந்த கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான) கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை, குத்தகை போன்ற உள்நாட்டு வரவு அதில் சேரும், அதன் வட்டிக்கு வரி பிடிப்பார்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்து அவர் தனக்கென்று சேமிப்பதை என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியரின் வெளிநாட்டு வருவாய்க்கான) கணக்கில் போட்டால், வெளிநாடுவாழ் நிலையில் இருக்கும்வரை வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பணத்தைத் தடையின்றித் திருப்பி அனுப்பவும் முடியும். குடும்பச் செலவுக்கு உங்கள் கணக்குக்கு நேராக அனுப்புவதில் தவறேதும் இல்லை. அதில் மிஞ்சியதை நீங்கள் முதலீடு செய்து வரும் வட்டி மட்டும் வரிக் கணக்கில் அவர் வருமானத்தோடு சேரும். நான் வங்கிக்காரன், வரி ஆலோசகன் அல்லன். அவருடைய குடியிருப்பு நிலையையும் வரிக் கணக்கையும் ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

என்ஆர்இ கணக்கில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம். ஆனால் அவர் இருக்கும்வரை நீங்கள் அதிகாரப் பத்திரத்தின் பேரில்தான் இயக்க முடியும். கணக்கை இயக்கும் முறை என்று விண்ணப்பத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். எவரும் அதைப் படிப்பதில்லை. என் தந்தையும் தாயும் சேர்ந்து வைத்திருந்த கணக்கில் ‘இருவரும் கூட்டாக’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தது. அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவர் கையெழுத்து இல்லாமல் அம்மாவால் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. வங்கியில் வேலை பார்த்த நான் அதற்குமுன் அந்தப் பாஸ்புக்கைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை; அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. பொது வீட்டுப் பராமரிப்புக்காகப் பங்காளிகள் மூவர் சேர்ந்து தொடங்கிய கணக்குகளிலும் இதையே பார்த்தேன்: ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில், ஓடு மாற்றும் கொத்தனாருக்குக் காசோலை கொடுக்க மூன்றாவது கையெழுத்துக்காக மழைக்காலம் முழுவதும் காத்திருந்தார்கள். மாமியாரின் சேமிப்புக் கணக்கில் அவர் விரும்பினால் உங்கள் பெயரைச் சேர்த்து, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று குறிப்பது அவர் முடியாமல் இருக்கும் நாளில் கைகொடுக்கும். அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தெரிந்தே செய்யுங்கள்.

இதுவரை எழுதியவற்றில் காப்பீட்டு வரம்பு, கணக்குகளை இயக்கும் முறை, வெளிநாடுவாழ் கணக்கு விதி, திட்டங்களின் வயது, கால வரம்புகள் ஆகியவற்றை நீங்கள் உறுதியாக நம்பலாம். வட்டி விகிதங்கள் மாறக்கூடியவை. போகும் நாளில் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மற்றவர்களுக்கு 10,000 ரூபாய், மூத்தவர்களுக்கு வைப்பு வட்டியும் சேர்த்து 50,000 ரூபாய் என்று சொல்லப்படும் வரிக் கழிவு பழைய வருமான வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே. 90,000 ரூபாய் இருப்பு, மாதம் 5,000, மாமியாருக்கு 50,000 என்று நான் சொன்ன அளவுகள் என் அனுபவத்தில் வந்த மதிப்பீடுதான். கடன் தவணையோ தொடர் மருந்துச் செலவோ உங்களுக்கு இருந்தால் அவை மாறும்.

வங்கிக்குப் போகும்போது வீட்டில் உள்ள பழைய பாஸ்புக்குகளையும் எடுத்துப்போங்கள், கணவருடையதையும் சேர்த்து. இரண்டாண்டு வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும், பத்தாண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். செயலற்ற கணக்கை மீண்டும் இயக்கக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. ஒவ்வொரு பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே படிவம் கேட்டு எழுதிக்கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, சட்டப்படியான வாரிசுகளின் உரிமை அதனால் மாறாது என்பதை மாமியாருக்கும் சொல்லுங்கள். அது தெரியாமல் பெயர் எழுதவே தயங்கும் பெரியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.